மலை மேல் ஒரு மாப்பிள்ளை

கும்பகோணத்தில் மலை ஏறிப் பழக வேண்டும் என்றால் ரயில்வே மேம்பாலத்துக்குத்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் வேறு மேடு கிடையாது. முதுகுப்பையில் அரிசியை நிரப்பிக்கொண்டு, கனத்த பூட்ஸும் போட்டுக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் அந்தப் பாலத்தில் ஏறி இறங்கினேன். டவுன் பஸ் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்து, "என்ன சார், பஸ்ஸ விட்டுட்டீங்களா? ஏறுங்க" என்பார்கள். என் மாணவர்கள் கண்ணில் பட்டால் இன்னும் மோசம். நான் புவியியல் வாத்தியார். இமயமலையைக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு தடவையாவது அதன் மேல் நின்று பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மூட்டு வேறு முனக ஆரம்பித்திருந்தது. இந்தக் கோடை விடுமுறையை விட்டால் இனி முடியாது என்று எனக்கே தெரிந்திருந்தது.

வழிகாட்டி, கூடாரம், சாப்பாடு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் மலையேற்றப் பயணம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். இமாசலத்தில் ஒரு பனிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். பதிவு செய்யப் போகும் நேரத்தில் அக்கா குறுக்கே வந்தாள்.

"தனியாவா போற? அத்தானையும் அழைச்சுக்கிட்டுப் போ. அவரும் எங்கதான் போயிருக்காரு, பாவம்."

அக்காவின் கணவர் சீர்காழிப் பக்கம் நெல் விவசாயம் செய்பவர். அறுபது வயது. நாள் முழுக்க வயலில் நடந்தாலும் களைப்புத் தெரியாத உடம்பு. பயணத்துக்குத் தகுதிச் சான்றிதழ் வாங்கப் போனபோது டாக்டர் என்னைத்தான் இரண்டு தரம் மூச்சை இழுத்துவிடச் சொன்னார், அவரை ஒரே பார்வையில் அனுப்பிவிட்டார். அதனால் உடம்பைப் பற்றிக் கவலை இல்லை. அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை என்பதுதான் கவலை.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வாயைத் திறந்து எதையும் கேட்க மாட்டார். மோர் வேண்டுமா என்றால், "இருக்கட்டும்." காபி என்றால், "இப்பத்தான் குடிச்சேன்." முகம் காய்ச்சலில் சிவந்திருக்கும், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பார். சோறு போட வந்தால் இலையைக் கையால் மறைப்பார். கையை விலக்கிவிட்டுக் கெஞ்சிக் கூத்தாடிப் போட வேண்டும், அதுதான் மரியாதை. பேரன் எடுத்த பிறகும் இந்தக் கூத்து ஓயவில்லை. தன் வீட்டில் அக்காவிடம் அதட்டி வாங்கிச் சாப்பிடும் அதே மனிதர்தான். எங்கள் வீட்டு ஆள் ஒருவன் பக்கத்தில் இருந்தால் போதும், பசி, தாகம், வலி எதுவும் இல்லாத சாமியாராகிவிடுவார். அந்த ஒருவனாக இந்த முறை நான் போய் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் குழுவில் மற்றவர்கள் எல்லாம் பெங்களூரிலிருந்து வந்த இளவட்டங்கள். வழிகாட்டி அந்த மலைக்கிராமத்தையே சேர்ந்த வாலிபர். புறப்படும் முன் எல்லோரையும் உட்கார வைத்து ஆங்கிலத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உயரம் போகப் போகக் காற்று மெலியும். தலைவலி, வாந்தி, பசியின்மை, இதில் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும், மறைத்தால் உயிருக்கே ஆபத்து. நான் அதை அத்தானுக்கு வரிக்கு வரி தமிழில் சொன்னேன். "கரெக்டாத்தான் சொல்றாரு" என்று பாராட்டிவிட்டு எழுந்தார்.

ஆரம்பத்தில் அவர்தான் முன்னால் நடந்தார். ஓடைகளைப் பார்த்து ஆதங்கப்பட்டார். "இவ்வளவு தண்ணி சும்மா போவுதே மச்சான், ஒரு வாய்க்கால் வெட்டக் கூடாது?" என்று கேட்டார். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முகாமைத் தாண்டியதும் பேச்சுக் குறைந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

வழிகாட்டிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும் என்பதில் ஏகப்பட்ட பெருமை. முன்பு வந்த யாரோ கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு வேளையும் அத்தானிடம் வந்து நிற்பார்.

"அண்ணா, சாப்டாச்சா?"

"ஆச்சு தம்பி. நீங்க?"

வழிகாட்டி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். விரலில் மாட்டி ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்க்கும் சின்ன இயந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அத்தானின் விரலில், அந்தக் குளிரில், அது எண்ணே காட்டவில்லை. "நல்லாச் சாப்பிடுறார், பரவாயில்லை" என்று அதைப் பையில் போட்டுவிட்டார்.

அவருக்கு அது வைத்தியக் கேள்வி. எங்கள் பக்கத்தில் அது கேள்வியே அல்ல. சாப்பிட்டாச்சா என்றால் ஆச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வேளை பட்டினி கிடக்கிறவனும் அப்படித்தான் சொல்வான். இல்லை என்று சொன்னால் கேட்டவர் சோறு போட வேண்டி வருமே என்கிற கூச்சம். பக்கத்திலேயே நின்ற எனக்கும் அது நலம் விசாரிப்பாகத்தான் காதில் விழுந்தது. ஒருவர் பரிசோதனை செய்கிறார், மற்றவர் வணக்கம் சொல்கிறார் என்று யாருக்குமே தெரியவில்லை.

கணவாய்க்குக் கீழே கடைசி முகாம். மறுநாள் காலை ஏற வேண்டும். தலையை நிமிர்த்தினால் இரண்டு கறுப்புப் பாறைகளுக்கு நடுவே கணவாய் வெள்ளையாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டை எல்லோரும் சமையல் கூடாரத்துக்குள் சாப்பிட, அத்தான் வழக்கம்போல், "வெளிய வெயிலா இருக்கு" என்று தட்டோடு எழுந்து போனார். வழியில் சேர்ந்துகொண்ட மலைநாய் ஒன்று இரண்டு நாளாக அவர் காலையே சுற்றி வந்தது. "அங்கிளுக்கு நாய்னா உயிர்" என்று பெங்களூர்ப் பிள்ளைகள் அவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சீர்காழியில் நாயைக் கண்டால் கல்லைத் தேடுகிற மனிதர்! அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. எழுந்து வெளியே போனேன்.

பாறைக்குப் பின்னால் நாய் அவருடைய தட்டை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு பருக்கை மீதி இல்லை. அத்தான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது.

"என்னத்தான், சாப்பிடலையா?"

"ஆச்சு, ஆச்சு."

கூச்சல் போட்டு வழிகாட்டியை அழைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. ஊன்றுகோலால் மண்ணில் நேராக ஒரு கோடு கிழித்து, குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார்; உயரம் மூளையைத் தாக்கியிருந்தால் கால் கோட்டில் நிற்காதாம். நான் தமிழில் சொன்னேன். ஒரு சாண் அகல வரப்பில், தலையில் நாற்றுக்கட்டோடு, கீழே பார்க்காமல் நடக்கிறவர் அத்தான். முதல் அடியை வைத்தார். இரண்டாவது அடி கோட்டை விட்டு எங்கோ போனது. மூன்றாவதில் சாய்ந்தவரை வழிகாட்டி தாங்கிப் பிடித்தார்.

"ஒண்ணும் இல்ல மச்சான், கால் வழுக்கிடுச்சு."

மண்ணில் எங்கே வழுக்குகிறது? இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த மரியாதை அந்த இடத்தில் பறந்தது.

"யோவ்! வாயத் தொறந்து நெசத்தச் சொல்லுய்யா! தல வலிக்குதா இல்லியா?"

அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது.

"ரெண்டு நாளா வலிக்குது. கண்ணத் தொறக்க முடியல. சோத்தப் பாத்தாலே கொமட்டுது."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீ ஆசப்பட்டு வந்த எடம். மாப்பிள்ளையால கெட்டுதுன்னு உங்க வீட்டுல பேச்சு வரக் கூடாது பாரு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவர் இங்கே செத்து விழுந்தால் எங்கள் வீட்டில் பேச்சு வராதாமா? அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? நல்ல பெயர் வாங்குவதற்கு ஒரு அளவு இல்லையா?

உடனே கீழே இறக்க வேண்டும், இன்னொரு ராத்திரி இங்கே தங்கினால் பிழைப்பது கஷ்டம் என்றார் வழிகாட்டி. மாத்திரை கொடுத்து, உதவியாளர் ஒருவரைத் துணைக்கு அனுப்புவதாகச் சொன்னார். என்னிடம் தனியாக, "சார், நீங்கள் நாளைக்கு எங்களோடு வரலாம். என் ஆள் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பான்" என்றார். எனக்குச் சபலம் தட்டியது. தட்டவில்லை என்று சொன்னால் பொய். அந்த உதவியாளருக்கு இந்தியைத் தவிர வேறு பாஷை தெரியாது. அத்தானுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது.

"நீ போ மச்சான். எனக்கு இப்பவே தேவல" என்றார் அத்தான், கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆடிக்கொண்டே.

இதுதான் முடிவாக என்னைக் கட்டிப்போட்டது. இந்த மனிதர் வாயிலிருந்து வரும் எதையும் நம்ப முடியாது. வழியில் மூச்சு நின்றாலும் இருக்கட்டும் என்றுதான் சொல்வார். அவர் முகத்தைப் பார்த்து நிஜம் கண்டுபிடிக்க நம் ஆள் ஒருவன் கூட இருந்தாக வேண்டும். பையைக் கட்டினேன். கணவாயை ஒரு தடவை பார்த்தேன். கூப்பிடு தூரத்தில் இருந்தது.

வழி முழுக்கத் திட்டிக்கொண்டே இறங்கினேன். "நீங்க" என்கிற மரியாதை திரும்பி வந்துவிட்டது, கோபம் மட்டும் போகவில்லை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தார். நாயும் பின்னாலேயே வந்தது. மரங்கள் தென்பட ஆரம்பித்ததும் தோளில் கனம் குறைந்தது. பொழுது சாயக் கீழ்க் கிராமத்தில் ஒரு வீட்டில் தங்க இடம் கிடைத்தபோது அவர் பிடிக்காமலே நடந்தார். உதட்டில் ரத்தம் திரும்பியிருந்தது.

அந்த வீட்டு அம்மா சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிடாமல் ஜன்னல் வழியே மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மேகம் மூடியிருந்தது. அத்தான் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

"உன் மலையக் கெடுத்துட்டேன்ல, மச்சான்?"

அதெல்லாம் ஒண்ணும் இல்லத்தான் என்கிற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"ஆமாத்தான். கெடுத்துட்டீங்க" என்றேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவர் காலித் தட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"பசி அடங்கல. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு."