வாசலில் கிடந்த செருப்புகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் பின்னட்டையைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். குத்துவிளக்கும் பூவும் இருக்க வேண்டிய இடத்தில் செருப்புக் குவியலா என்று கேட்டிருப்பீர்கள். உள்ளே இருக்கும் படங்கள் எல்லாம் எங்கள் அக்கா வரைந்தவை. பின்னட்டையில் இருப்பது மட்டும் நான் வரைந்தது, அதனால்தான் அவ்வளவு கோணல். அது அங்கே வந்த கதையை விட்டுவிட்டு அக்காவின் வாழ்க்கையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது நெமிலிச்சேரியில். எங்கள் தாத்தா பிறர் நிலத்தில் ஏர் பிடித்தவர். அப்பாவுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை கிடைத்ததும் கொரட்டூரில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்துக் குடிவந்தோம். பெரியப்பா குடும்பம் நெமிலிச்சேரியிலேயே தங்கிவிட்டது. எங்களுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. பெரியப்பா மகன்தான் எங்களுக்கு அண்ணன். பொங்கல் சீர் கொண்டுவருவது அவர்தான். அக்கா மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியும் அவருடையதுதான்.

அக்காவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. "கால்ல சக்கரம் கட்டிகினு பொறந்தியாடீ?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். ஐ.டி.ஐ.யில் படவரைவு படித்து எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தார். பகலெல்லாம் இயந்திர பாகங்களுக்கு நேர்கோடு போட்டவர், வெளியே வந்தால் ஸ்கேலைத் தொடமாட்டார். கைப்பையில் எப்போதும் கோடு போடாத நோட்டு ஒன்று, கடித்த பென்சில் ஒன்று. சித்திரையில் பூந்தமல்லி சாலையோரம் நுங்கு சீவுகிறவரின் விரல்கள். ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிற மனிதர்கள். மார்கழியில் கொரட்டூர் ஏரிக்கரையில் மப்ளர் சுற்றிக்கொண்டு வேகமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு மெதுவாக நடக்கிறவர்கள். ரயிலில் எதிரே ஒருவர் தூங்கிய அழகை வரைந்து முடிப்பதற்காக, ஆவடியில் இறங்க வேண்டியவர் திருவள்ளூர் வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். திருப்பதிக்குக் கூட்டிப்போனால், புதிதாக மொட்டை போட்டவர்கள் தலையைத் தடவித் தடவிப் பார்ப்பதை வரைய உட்கார்ந்துவிடுவார். அதுவும் பாதியில் எழுந்து அடுத்த மொட்டையைத் தேடிப் போய்விடுவார்.

"இரு, இதோ வந்துட்டேன்" என்று அக்கா சொன்னால் நாம் சாப்பிட்டுவிடுவது நல்லது. சென்னீர்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு இந்தப் பாடு மாமாவுக்கு வந்தது. "உங்கக்காவ கட்டிகினு பாதி ஆயுசு நான் ரோட்லதான் நின்னுகினு இருந்தேன்" என்பார் அவர். சலித்துக்கொண்டதாக நினைக்காதீர்கள், பெருமையாகத்தான் சொல்வார்.

அம்மா இறந்த அன்று அக்கா அழவில்லை. உட்காரவும் இல்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். திடீரென்று வாசற்படி ஓரமாகக் குந்தி, நோட்டை எடுத்து, வந்தவர்கள் கழற்றிப்போட்டிருந்த செருப்புகளை வரைய ஆரம்பித்தார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"இழவு ஊட்ல இன்னாம்மா கிறுக்கிகினு கீற? உள்ள உங்கம்மா கெடக்குது!"

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தவரின் முகம் மாறியது. குவியலின் நடுவே அவருடைய செருப்பு இருந்தது. ஒன்று அவருடையது. மற்றொன்று அண்ணியின் பூ வைத்த செருப்பு. செய்தி கேட்ட பதற்றத்தில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடிவந்திருந்தார். அக்கா வரைந்ததைப் பார்க்கும்வரை அது அவருக்கே தெரியாது. பின்னாலிருந்து எட்டிப்பார்த்த யாரோ சிரித்துவிட்டார்கள்.

"என்ன வெச்சி காமெடி பண்றியா நீ?"

"இல்லண்ணா, நான் இன்னா சொல்ல வரேன்னா..."

அவர் கேட்க நிற்கவில்லை. ஆனால் அம்மாவுக்குச் செய்ய வேண்டிய எதிலும் குறை வைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, பேச்சும் நின்றது.

அக்கா என்னிடம் மாய்ந்து மாய்ந்து சொன்னார்: "மத்தவங்கல்லாம் நிதானமா வந்து, செருப்ப ஓரமா உட்டுட்டு உள்ள வந்தாங்கடீ. அவர் ஒருத்தர்தான் கால்ல இன்னா கீதுன்னுகூட பார்க்காம ஓடியாந்தாரு. அதத்தான வரைஞ்சேன்?" இதைச் சொல்வதற்காக இரண்டு முறை நெமிலிச்சேரிக்கு ரயில் ஏறினார். இரண்டு முறையும் அண்ணன் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார். அக்காவுக்கு அண்ணி போட்டுக் கொடுத்த காப்பிதான் மிச்சம்.

பிறகு சிறுநீரகம் பழுதானது. அவ்வளவு அலைந்த மனுஷியை வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். நோயைவிட அந்த உட்காரல்தான் அவரைத் தின்றது. "சிஸ்டர், மணி இன்னா ஆச்சு?" என்று நொடிக்கொரு தரம் கேட்பார். இடது கையில் ஊசி, வலது கையில் பென்சில். நோட்டைப் பிடித்துக்கொள்வது மாமாவின் வேலை. கை வலித்து நோட்டு சாய்ந்தால் அவருக்குத் திட்டு விழும். பக்கத்து நாற்காலிக்காரரின் மடித்துக் கட்டிய வேட்டி, சொட்டும் குழாய், சன்னலில் தெரிந்த கால்வாசி மேம்பாலம். ஒரே சன்னல்தானே, அதே கால்வாசி மேம்பாலத்தை வெயிலிலும் மழையிலும் வரைந்து தள்ளினார்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒருநாள் சொன்னார்: "நான் போனா பொறந்த ஊட்டு கோடி எடுத்துகினு அவர்தான வரணும்? வரமாட்டாருன்னா இப்பவே சொல்லிடச் சொல்லு. நானே ஒரு நல்ல கலரா பார்த்து வாங்கி வெச்சிடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பிறந்த வீட்டுச் சேலை போர்த்தாமல் ஒரு பெண்ணை எடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அன்றே அண்ணனுக்குப் போன் செய்தேன். "வரேம்மா, பார்க்கலாம்" என்றார். அக்காவிடம் சொன்னதற்கு, "வரட்டும். இப்ப நான் எங்க ஓடிடப்போறேன்?" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' வரவே இல்லை.

ஒரு காலையில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தபோதே அக்கா சாய்ந்துவிட்டார்.

பெங்களூரில் இருந்த மகன் வந்து சேர வேண்டும் என்று காத்திருந்தோம். வருகிற பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "பொறந்த ஊட்லேர்ந்து யாரு வராங்க?" அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம், வருவாரா என்பதுதான் தெரியாது. ஒருவர் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுபடியும் போனேன். கடைசியில் ஆணியில் தொங்கிய அக்காவின் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய்க் குந்தினேன். பிறந்ததிலிருந்து நான் கோலத்தைத் தவிர ஒன்றும் போட்டதில்லை. கண்ணில் பட்டது செருப்புதான், அதை வரைந்தேன். பாதி வரையும்போதே ஒவ்வொருவராக வந்து போட்டுக்கொண்டு போனார்கள். இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகும் வழக்கம் இல்லையே, நானும் யாரையும் நிறுத்தவில்லை.

எனக்கும் நோட்டுக்கும் மேலே நிழல் விழுந்தது. அண்ணன். கையில் துணிக்கடைப் பை. அதில் சிவப்புச் சேலை. என் மடியில் இருந்த நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு சண்டை வரப்போகிறது என்று பயந்தேன். அவர் உள்ளே போனார். சேலையைப் போர்த்திவிட்டு அவர் அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. என் நெஞ்சில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

வெளியே வந்து, "அந்த பழைய நோட்டு கீதாம்மா?" என்றார்.

தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அக்கா சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "அவர் ஒருத்தர்தான் ஓடியாந்தாரு" என்பதை அக்காவின் வார்த்தையிலேயே சொன்னேன்.

"தெரியும்மா. அன்னிக்கு ராத்திரியே உங்கண்ணி எடுத்துச் சொல்லிட்டா. எந்த மூஞ்ச வெச்சிகினு வந்து நிக்கறதுன்னு வெக்கமா பூட்ச்சி. நாளாவ நாளாவ அந்த வெக்கம் பெருசாயிகினே போச்சி."

எனக்கு அவர்மேல் கோபமாகவும் வந்தது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. என் மடியில் இருந்த புது நோட்டைக் காட்டி, "என்னுது இதுல கீதா?" என்றார்.

"இல்லண்ணா. நீங்க இப்பதான வந்தீங்க."

ஓரத்தில் கழற்றியிருந்த செருப்பைக் குனிந்து கையாலேயே எடுத்துவந்து என் எதிரே வைத்தார். "வரை. நீ முடிக்கிறவரைக்கும் போட்டுக்க மாட்டேன்."

இந்த முறை இரண்டும் ஒரே ஜோடி. நன்றாகப் பார்த்துத்தான் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அதுதான் என்னை அன்று முழுக்க அழவைத்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. கேட்டபோதெல்லாம் முகம் கோணாமல் மணி சொன்ன செவிலியர்கள், மழையென்றும் பாராமல் ஆட்டோ ஓட்டிவந்த பக்கத்துத் தெருத் தம்பி, கேட்காமலேயே பந்தல் போட்டுச் சாப்பாடும் கொண்டுவந்த அண்டை வீட்டார், இன்றும் வெற்று நாற்காலிப் பக்கம் கையை நீட்டி நோட்டைப் பிடிப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் எங்கள் மாமா. மற்றவர்கள் தயவுசெய்து பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். அன்று வந்தவர்களை என்னால் முடிந்தவரை அங்கே வைத்திருக்கிறேன். உங்கள் செருப்பில் ஒன்றுதான் இருக்கிறதென்றால், நான் மற்றதற்கு வருவதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். அடையாளமே தெரியவில்லை என்றால் குற்றம் என் கையுடையது. வலது ஓரத்தில், சற்றுத் தள்ளி, சேர்த்து வைத்த ஜோடி அண்ணனுடையது. அதை முடிக்க எனக்கு நெடுநேரம் ஆனது. அதுவரை அவர் அந்த வெயிலில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.