மறுபடியும் அடித்த தொலைபேசி

பேச ஆரம்பித்த நாளிலிருந்தே எனக்கு வாய் திக்கும். என் பெயரைக் கேட்டவர்கள் முன்னாலேயே பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு 1998-ல் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்போது பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். தையல் கம்பெனிப் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் நடத்தினோம். அந்தப் பெண்களுக்காக எதைக் கேட்கப் போனாலும், "ஆர்டர் குடுக்கறவன் வெளிநாட்ல இருக்கான், அவனப் போய்க் கேளுங்க" என்பார்கள் கம்பெனிக்காரர்கள். கேட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியது. அதற்குப் படிக்க வேண்டும். சர்வதேச உறவும் வளர்ச்சியும் சேர்ந்த மேற்படிப்புக்கு இங்கிலாந்தில் சில பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். எழுதும்போது எனக்குத் திக்காது. ஆனாலும் ஒவ்வொன்றாக மறுப்பு வந்தது. கடைசியாக ஒன்று மட்டும் இடம் தந்தது. உதவித்தொகைக்குத் தொலைபேசியில் நேர்காணல் என்றது.

அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நேரில் என்றால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். போனில் நான் திக்கினால் அந்தப் பக்கம் வெறும் மௌனம்தான் கேட்கும்.

அந்த நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை. ஜோகுபாளையத்துத் தெருக்களில் காரணமில்லாமல் நடந்தேன். உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, என் நாவைச் சரியாக்கும் என்று அழுதேன். நாவு அப்படியேதான் இருந்தது.

என் மனைவி ரூபி ஒருநாள் கேட்டாள். "ஏங்க, உங்களுக்கு வாய் திக்கும்னு அவங்களுக்கு முன்னாடியே எழுதிடலாமே?"

"வே... வேணாம்" என்றேன். தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம்.

எங்கள் வீட்டில் போன் இல்லை. கீழ் வீட்டில் இருந்த வசந்தம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தோம். அவர்தான் வீட்டின் சொந்தக்காரர், கன்னடக்காரர். மே மாதத்தில் ஒரு மாலை, சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், பால்ராஜ்தானே என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. "ஹலோ? ஹலோ?" என்றார். எதுவும் கேட்கவில்லையே என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரிசீவரைப் பிடித்தபடியே நின்றேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ரூபிதான் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "கீழ வெச்சாத்தாங்க அவங்க திருப்பி அடிக்க முடியும்."

வசந்தம்மா எழுந்துபோய் டிவியை அணைத்தார். என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் போனுக்குமாக நடந்தேன். ஆண்டவரே, நாவு சரியாகாவிட்டால் போகட்டும், இன்னும் ஒரே தடவை அடிக்கட்டும் என்று வேண்டினேன். மணி அடித்தது. பாய்ந்து எடுத்தால், வசந்தம்மாவின் தங்கை. வசந்தம்மா வாங்கி, "ஆமேலே மாத்தாடு" என்று அப்புறம் பேசச் சொல்லி உடனே வைத்தார். மறுபடி நடை, மறுபடி ஜெபம்.

மறுபடியும் மணி அடித்தது. இந்த முறை ரூபி முந்திக்கொண்டாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "என் கணவர் இங்கேதான் இருக்கிறார். அவருக்கு வாய் திக்கும். கொஞ்சம் காத்திருங்கள்" என்று சொல்லி என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன். அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார்: எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, பேசுங்கள்.

பேசினேன். காப்பகத்தைப் பற்றி, அந்தத் தாய்மார்களைப் பற்றி. பொம்மனஹள்ளி என்ற பெயரில் வாய் பூட்டிக்கொண்டது. முன்பெல்லாம் அந்த இடத்தில் வேறு சொல்லைப் போட்டுத் தப்பித்துவிடுவேன். அன்று தப்பிக்கவில்லை. அது வரும்வரை நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் ஹலோ என்று கேட்கவில்லை. பல வாரங்களாக நெஞ்சில் இருந்த அலைக்கழிப்பு அந்த நிமிடத்தில் அடங்கியது. அதை நான் செய்யவில்லை, சகோதரரே.

ஜூனில் முழு உதவித்தொகை கிடைத்தது. ஒரு வருடம் படித்துத் திரும்பினேன். இன்று அதே பெண்களுக்காக, ஆர்டர் கொடுக்கிறவர்களுடனேயே உட்கார்ந்து பேசுகிறேன். இன்றும் எனக்குத் திக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு ஆராதனையில் முதல்முறையாக வேதபாடம் வாசித்தேன். வெகுநேரம் ஆனது. சபையில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

உங்களுக்கும் வாய்விட்டுச் சொல்ல வராத ஒரு வேண்டுதல் இருக்கும். அது வரும்வரை ஆண்டவர் காத்திருப்பார். நீங்கள் ஆரம்பியுங்கள்.