கத்தாத உருண்டை

ஆர்லோ பெக்ஸ்டெட் வாழ்நாளில் ஒரு மானைக்கூடக் காயத்தோடு காட்டில் விட்டதில்லை. அமெரிக்காவின் வயோமிங் மலைப்பக்கத்தில், பணத்தாலும் நிலத்தாலும் கிடைக்காத மரியாதை அந்த ஒன்றால் கிடைக்கும். ஊரான் பண்ணைகளுக்கு வேலி கட்டியே முதுகொடிந்த மனிதர் அதை வைத்துத்தான் தலைநிமிர்ந்து நடந்தார். அறுபதைத் தாண்டியதும் பாழாய்ப்போன கைநடுக்கம் வந்தது. போகப்போகக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

இதுதான் கடைசி வேட்டை என்று ஆர்லோவுக்குத் தெரியும். ஒரு எல்க் மான், ஒரு தோட்டா, துடிக்காமல் விழ வேண்டும். வேறெதையும் அவர் கேட்கவில்லை.

நடுங்கும் கையில் துப்பாக்கி நிற்காது என்பதால் அதைத் தாங்க ஒரு முக்காலி வாங்கினார். துப்பாக்கியைக் கவ்விப் பிடிக்கும் தலைதான் பாக்கி. கடைக்கார ஹோலிஸ் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று கனமானது, பக்கவாட்டுக்கு ஒரு திருகு, மேலும் கீழும் அசைய ஒரு திருகு. மற்றது கிண்ணத்துக்குள் உருளும் உருண்டை, ஒரே திருகில் இறுகிவிடும்.

"பெருசை எடுத்துக்கங்க ஆர்லோ. கனந்தான், ஆனா கல்லு மாதிரி நிக்கும்."

"ரெண்டையும் திருகி முடிக்கிறதுக்குள்ள மான் மலை தாண்டிடும். என் கையைப் பாத்தியா, கோழி கிளறுற மாதிரி? உருண்டையையே குடு."

"சரி. ஆனா இதுல ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது. காய்ஞ்சு இருந்தாத்தான் பிடிக்கும். கிறீச்சுன்னு கத்தினாலும் கண்டுக்காதீங்க."

"கத்தினா கண்டுக்காம இருக்கணும், அவ்வளவுதானே? வீட்ல காலமெல்லாம் அதைத்தானேய்யா பண்றேன்."

கடையே சிரித்தது. இந்தக் கேலி காதில் விழுந்தால் வெல்மா சும்மா விடமாட்டாள் என்று, கடையில் பேசிய எதையும் ஆர்லோ மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அங்கேதான் வினை பிடித்தது. அந்தப் பண்ணைகளில் கேட் கத்தினாலும் காற்றாலை கத்தினாலும் எண்ணெய்தான் மருந்து. போதாததற்கு, அவர் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து துப்பாக்கி துடைப்பதும் வெல்மாவின் வேலையாகியிருந்தது.

பக்கத்துப் பண்ணை டியூவியோடு மலையேறினார். எதிர்ச்சரிவில் ஆண் எல்க் ஒன்று பனியில் வந்து நின்றது. ஆர்லோ திருகை இறுக்கினார். துப்பாக்கித் தொலைநோக்கிக்குள் குறி மெல்லக் கீழே இறங்கியது. பாவி மனிதர், தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்துத் தூக்கிப் பிடித்தார். விசையை அழுத்தும் நேரத்தில் உருண்டை வழுக்கியது. தோட்டா முன்னங்காலை முறித்தது. மான் மூன்று காலில் காட்டுக்குள் ஓடிவிட்டது.

டியூவி தலையைத் திருப்பிக்கொண்டு ரத்தத்தடம் தேடிச் சரிவில் இறங்கினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ரத்தம் சிந்தினால் அதுதான் உன் மான், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வேறொன்றின் மேல் துப்பாக்கி தூக்கக்கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. இருட்டும்வரை தேடினார்கள். மறுநாள் காக்கைகள்தான் இடத்தைக் காட்டின. ஓநாய்கள் முந்திக்கொண்டுவிட்டன. சுற்றிலும் பனி உழுதுபோட்டதுபோல் கிடந்தது. மான் வெகுநேரம் உயிரோடு போராடியிருக்கிறது. ஆர்லோ மண்டியிட்டு அழுதார்.

முக்காலியைக் கழற்றும்போது விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். வெல்மா துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய்.

"கை நடுங்குனா யாரு என்ன செய்ய முடியும்? விடுங்க ஆர்லோ," என்றான் டியூவி.

ஆர்லோ விரலைக் கால்சட்டையில் துடைத்தார். "ஆமா, கைதான்."

வெறும் வண்டியைக் கண்டதும் வெல்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காப்பியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"அந்த உருண்டை கத்துச்சா? நீ குதிரைக்குத் தீனி வைக்கப் போனப்ப ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். மானுக்குக் கேட்டுடக்கூடாதேன்னு."

"கத்தவே இல்ல வெல்மா."

"அந்த மட்டுக்கும் நான் உதவினேனே."

"ஆமா," என்றார் ஆர்லோ. கோப்பையை ஒரு கையால் தூக்க முடியவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

கைநடுக்கத்தோடு சுடப் போய் மானைச் சித்திரவதை செய்தவர் என்று ஊர் பேசியது. சாகும்வரை அவர் அதை மறுக்கவில்லை.