கைக்கு ஒன்று, தலைக்கு ஒன்று

இரும்பைத் தொட்ட கைக்கு ஒரு வாசனை உண்டு. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது, சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் குழம்பு வாசனைக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறும். அந்த வாசனையோடு எனக்கு எப்போதும் ஒரு சத்தமும் சேர்ந்தே வரும்: மேலே தகரக் கூரையில் புனே மழை விடாமல் கொட்ட, கீழே முப்பது பிள்ளைகள் முப்பது அரங்களால் இரும்புத் துண்டுகளைத் தேய்க்க, எது மழை, எது அரம் என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாகிப்போகிற சத்தம். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் நான் அந்தச் சத்தத்துக்குள்தான் குடியிருந்தேன். முப்பது பேரில் பெண்பிள்ளை நான் ஒருத்தி மட்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் கட்கியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். வட ஆர்க்காட்டிலிருந்து இருபது வயதில் வந்து ஃபிட்டராகச் சேர்ந்தவர் என் அப்பா. எங்கள் வீட்டு வழக்கப்படி எனக்கு அவர் ‘நைனா’. வீட்டில் தமிழ், தொழிற்சாலையில் இந்தி, எனக்குப் பள்ளியில் மராத்தி என்று மூன்று மொழிகள் எங்கள் ஒன்றரை அறை வீட்டுக்குள் இடித்துக்கொண்டு கிடந்தன. நைனாவுக்குத் தமிழைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. இந்தி எழுத்துகளைத் தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர்; மராத்திக்கும் அதே எழுத்துதான்.

ஏழாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. விரும்புகிறவர்கள் எட்டாம் வகுப்பிலிருந்து ‘டெக்னிக்கல்’ எடுக்கலாம்; செவ்வாயும் வியாழனும் மதியத்துக்குமேல் லோக்கல் ரயிலேறி, காசார்வாடியிலிருந்த தொழிற்பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டும். அரம் பிடிப்பது, துளை போடுவது, ஒயரிங் எல்லாம் அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் வரலாறும் மராத்திக் கவிதையும் நடப்பது அதே இரண்டு பிற்பகல்களில்தான். ஆகவே அது வேண்டுமென்றால் இது கிடையாது. ஒன்றில் மட்டும் குறி போடுங்கள் என்றது தாள்.

எனக்கோ இரண்டும் வேண்டும். பேராசைதான், இல்லையென்று சொல்லவில்லை. கோட்டைகளின் கதை கேட்டால் சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு. கவிதைப் பாடத்தைப் பாயி, அதாவது எங்கள் டீச்சர், ராகம்போட்டுச் சொன்னால் அன்று முழுக்க அது காதிலேயே இருக்கும். அதே சமயம், நைனா ஒரு இரும்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலால் தடவியே மேடு பள்ளம் சொல்லுவாரே, அந்த வித்தைக்கும் மனசு ஏங்கியது. அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: “பொட்டப் புள்ள அரத்தத் தூக்கினு ரயில்ல போவுமா? பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?”

நைனா என்னைப் பார்த்துச் சொன்னார்: “எனுக்குக் கை மட்டுந்தான் கண்ணு படிச்சிகீது, தல படிக்கல. ஆபீசருங்க பேசும்போது வாயத் தொறக்க முடியாம நிக்கறேன். அந்த ஆபீசருங்களுக்குத் தல படிச்சிகீது, ஒரு போல்ட்டு மாட்டத் தெரியல. உனுக்கு ரெண்டும் வோணும். நான் எழுதிக் கேக்கறேன்.”

பக்கத்து வீட்டுக் கோபால் மாமா தினமும் மராத்திப் பேப்பர் படிக்கிறவர். கேட்டால் ஐந்து நிமிடத்தில் எழுதித் தந்திருப்பார். நைனா கேட்கவில்லை. “என் புள்ளைக்கு நான் எழுதறேன், ஊரான் எதுக்கு?” என்று மூன்று நாள் சாயங்காலம், டீ ஆறிப்போக, நாக்கைத் துருத்திக்கொண்டு அந்தக் கடிதத்தை எழுதினார். நான் எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொண்டார். கடைசியில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து உறையை ஒட்டி என் கையில் கொடுத்தபோது அவர் முகத்திலிருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

எங்கள் தலைமை ஆசிரியையை எல்லோரும் ‘மோட்யா பாயி’, பெரிய டீச்சர், என்றுதான் சொல்வோம். நான் போனபோது அவர் அறையில் இன்னும் நான்கைந்து டீச்சர்கள் உட்கார்ந்து அவல் தின்றுகொண்டிருந்தார்கள். மோட்யா பாயி உறையைப் பிரித்தார், படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு மற்றவர்களுக்கும் கேட்கும்படி வாய்விட்டே வாசித்தார்: “மாஜ்யா முலீலா தோன்ஹீ சிக்ஷா த்யா. ஏக் ஹாத்தாச்சி, ஏக் டோக்யாச்சி.”

ஐயோ! எனக்குக் காது சுட்டது. இந்தியில் ‘சிக்ஷா’ என்றால் கல்வி. தொழிற்சாலைப் பலகையில் நைனா பார்த்தது அந்தச் சொல்லை. மராத்தியில் கல்விக்கு ‘சிக்ஷண்’ என்பார்கள். ‘சிக்ஷா’ என்றாலோ தண்டனை! “என் மகளுக்கு இரண்டு கல்வியும் கொடுங்கள், கைக்கு ஒன்று, தலைக்கு ஒன்று” என்று நைனா எழுதினார். “என் மகளுக்கு இரண்டு தண்டனையும் கொடுங்கள், கையில் ஒன்று, தலையில் ஒன்று” என்று அந்த அறை கேட்டது. ஒரு டீச்சருக்கு அவல் புரையேறிவிட்டது. இன்னொருவர் பிரம்பை எடுத்து மேஜையில் தட்டி, “அப்படி என்னடி பண்ணினே வீட்டில்?” என்றார். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, இப்போது தெரிகிறது. பன்னிரண்டு வயதில் அது எங்கே தெரிகிறது?

மோட்யா பாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “உன் அப்பா எழுதினாரா?”

“இல்லை பாயி,” என்றேன் நான். யோசிக்கக்கூட இல்லை. “பக்கத்து வீட்டு மாமா எழுதிக் கொடுத்தார். எங்கள் அப்பாவுக்கு மராத்தி நன்றாகத் தெரியும்.”

சொல்லிவிட்டு நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது. பொய்யைவிட அந்தச் சிரிப்பு.

மறுநாள் ஒப்புதல் கையெழுத்துப் போட நைனாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார் மோட்யா பாயி. அவரோடு நான் உள்ளே போகவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே கால் மணி நேரம் பேசினார்கள். நைனா வெளியே வந்தபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “ரெண்டும் குடுத்துட்டாங்க கண்ணு,” என்று என் தலையில் கைவைத்தார், அவ்வளவுதான். செவ்வாயும் வியாழனும் காசார்வாடி, விட்டுப்போன வரலாறும் கவிதையும் சனிக்கிழமை மதியம் மோட்யா பாயியே தம் அறையில் சொல்லித்தருவார் என்று ஏற்பாடு. ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைக் கண்டதும், “வா வா, உன் சிக்ஷா தயாராக இருக்கிறது,” என்பார் அந்த அம்மாள்.

அந்த மூன்று வருடங்களும் எனக்குக் கனவாகவே தங்கியிருக்கின்றன. கட்கியில் ரயிலேறினால் உடனே ஆற்றுப்பாலம் வரும். மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துப் போக, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு கவிதை வரிகளை முணுமுணுப்பேன், அதற்குள் தாபோடி, அதற்குள் காசார்வாடி. திரும்பி வரும்போது விரல்களில் இரும்புக் கருப்பு. அந்த விரலால் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினால் ஒவ்வொரு கோட்டைப் படத்தின் ஓரத்திலும் என் கட்டைவிரல் ரேகை பதிந்துவிடும். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மூலைமட்டத்தை வைத்தால் ஊசி வெளிச்சம்கூடத் தெரியாதபடி ஒரு துண்டைத் தேய்த்து முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்தக் கோட்டைச் சுவர்களைக் கட்டியவர்களுக்கும் இப்படித்தான் கை வலித்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. எந்தப் பாடத்திலும் அது இல்லை. வீட்டுக்கு வந்ததும் நைனா என் கையை முகர்ந்துபார்ப்பார். “ம், படிச்சிகீது,” என்பார். பிறகு, “பாட்டு ஒண்ணு சொல்லு,” என்பார். புரியாத மராத்திக் கவிதையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

இப்போது நான் புனேயிலேயே வாகட் பகுதியில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். இயந்திரங்களை எப்படிப் பூட்டுவது, எப்படிப் பிரிப்பது என்று கையேடு எழுதுவது என் வேலை. கையால் பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வரி எழுதுவேன். அலுவலகத்தில் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள். காசார்வாடிக் கூடம் இருந்த இடத்தில் இன்று கார் விற்கும் கண்ணாடிக் கடை நிற்கிறது. எங்கள் பள்ளியில் டெக்னிக்கலை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. மோட்யா பாயியும் இல்லை. என்னோடு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள், பெற்றோரும் அந்த ஒரே கட்டத்தில் குறி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டும் என்று எழுதிக் கேட்கிற ஆள் யாரும் என் கண்ணில் படவில்லை.

ஓய்வு பெற்ற நைனா என்னோடுதான் இருக்கிறார். தாம் வேலை செய்த மெஷின் நம்பர் முதற்கொண்டு எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற மனுஷன். போன ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இனியும் நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியாது, சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

“நைனா, எட்டாவது சேரும்போது எனக்காக நீ மோட்யா பாயிக்கு ஒரு லெட்டர் எழுதினியே...”

அவர் டீயை ஊதிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “நான் எங்க கண்ணு எழுதினேன்? பக்கத்து வூட்டு கோபாலு இல்ல எழுதிக் குடுத்தாரு. எனுக்குத்தான் மராட்டி நல்லா வருமே.”

அந்த இரண்டு பொய்களையும் நான் மோட்யா பாயியின் அறைக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.