நாற்பத்தோராவது வண்டி

ஊரில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் உண்டு. அட்டையக்கா ஓடாத வண்டிகளை வைத்துப் பிழைத்தாள். வெளிநாடு போனவர்கள், வழக்கில் மாட்டியவர்கள், விற்க மனமில்லாதவர்கள் என்று பலரும் கொண்டுவந்து விட்ட நாற்பது கார்கள் அவள் வேலை பார்த்த கிடங்கில் போர்வைக்குள் தூங்கின. பேட்டரி வயரைக் கழற்றி வைப்பது, டயர் ஒரே பக்கம் அமுங்காமல் வாரம் ஒருமுறை கொஞ்சம் உருட்டிவிடுவது, எலி வராமல் பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் ஓர் அட்டை இருக்கும். வந்த தேதி, அன்று மீட்டர் காட்டிய கிலோமீட்டர், கீழே அவள் கையெழுத்து. பெயர் வந்தது அதனால்தான். ஒட்டினால் லேசில் விடமாட்டாள், அதனாலும்தான் என்பார் முதலாளி. சொல்லிவிட்டுப் போகட்டும், வாய் அவருடையது.

வருடம் ஒருமுறை ஒவ்வொரு வண்டிக்கும், இது தெருவில் ஓடாது என்று பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வரி குறையும். இன்சூரன்ஸும் அன்றிலிருந்தே தீ, திருட்டுக்கு மட்டும் என்று சுருங்கிவிடும். அதற்குப் பிறகு அந்த வண்டி கேட்டைத் தாண்டி ஒரு சக்கரம் வெளியே வைத்தாலும் குற்றம். இதைச் சொந்தக்காரர்களுக்கு அவள் படித்துப் படித்துச் சொல்வாள்.

நான்கு மாதம் முன்பு கொடுத்த படிவங்களுக்கு, ஒரு திங்கட்கிழமை காலை, ஒப்புதல் பட்டியல் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. பட்டியலும் பேனாவுமாகக் கிடங்கைச் சுற்றிவந்து ஒவ்வொரு வண்டியாகக் குறித்தாள். நாற்பது வண்டியும் முடிந்தது. பட்டியலில் இன்னும் ஓர் எண் பாக்கி நின்றது.

யாருடைய வண்டியோ களவு போய்விட்டது! மறுபடி சுற்றினாள். போர்வைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். சத்தம் கேட்டு வந்த முதலாளி பட்டியலை வாங்கி எண்ணைப் படித்தார், வாசலைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். அந்த எண் வாசலில் நின்ற சின்னச் சிவப்புக் காருடையது. காலையில் அவளே ஓட்டிவந்த அவளுடைய கார். வருடக் கடைசி அவசரத்தில் அதன் காகிதமும் கட்டோடு கலந்திருக்கிறது; பழகிய கை பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுவது என்பார்களே, அது இதுதான். நான்கு மாதமாக, ஓடாது என்று எழுதிக் கொடுத்த வண்டியில் ஊரைச் சுற்றியிருக்கிறாள்.

முதலாளி சிரித்தார். அவளுக்கு அழுகை வந்தது, ஏனென்றால் வியாழக்கிழமை தங்கையை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். மூன்று வருடம் முன்பு இதே ஆஸ்பத்திரியிலிருந்து அந்தத் தங்கை வெறும் கையோடு வாடகைக் காரில் வீடு திரும்பியிருந்தாள். அடுத்த தடவை உன்னையும் பிள்ளையையும் நானே ஓட்டிக் கூட்டிவருவேன் என்று அன்று அக்கா வாக்குக் கொடுத்தாள். நாற்பத்து நான்கு வயதில் வண்டி ஓட்டப் பழகியதும், அந்தச் சிவப்புக் காரை வாங்கியதும் அதற்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை பெண் குழந்தை பிறந்திருந்தது.

அவள் முகத்தைப் பார்த்து முதலாளிக்குச் சிரிப்பு அடங்கியது.

“இத்தன நாளும் கெடங்குலயே நின்னுச்சுன்னு எழுதிக் குடு. நானும் கையெழுத்துப் போடறேன். இனிமேதான் ஓட்டப் போறேன்னு சொன்னா புதன்கிழமை வண்டி ரெடி.”

மனிதர் கெட்டவர் இல்லை; மனசு கேட்காமல் சொன்னார். அவளும் ஒரு புது அட்டையை எடுத்தாள். தேதியைப் பின்தள்ளி எழுதினாள். கிலோமீட்டர் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது.

“வேணாம்ணே. ஒரு அட்டையப் பொய்யா எழுதிட்டா, மத்த நாப்பதயும் நானே நம்பமாட்டேன்.”

அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். அங்கே இருந்தவர் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன்மேல் தானே புகார் கொடுக்க வந்தவளை அவர் கண்டதில்லை போலும். அபராதம் போட்டார். வண்டியைச் சோதித்த பிறகுதான் மறுபடி ஓட்டப் பதிவு, சோதனை சனிக்கிழமைதான் என்றார். வியாழனுக்கு முன்னால் முடியுமா என்று கெஞ்சிக் கேட்டாள். முடியாது என்பதை அவர் தன்மையாகவே சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை வாடகைக் காரில்தான் போனாள். தங்கையின் கட்டில் பக்கத்தில் நின்றபடியே, உட்காராமல், முழுக்கதையையும் ஒப்பித்தாள். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் வலித்தும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மறுபடியும் அதே வாடகைக் கார், சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று புழுங்கிக்கொண்டே பைகளைத் தூக்கி வந்து, பழக்க தோஷத்தில் முன்கதவைத் திறந்தாள்.

“முன்னாடி எங்க போற? பின்னாடி ஏறு,” என்றாள் தங்கை. “எனக்கு நிமுந்து உக்காரவே முடியல. நீ ஸ்டியரிங்கப் புடிச்சிட்டிருந்தா இவள யாருக்கா புடிக்கறது?”

குழந்தையை அக்காவின் கைகளில் வைத்தாள். வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர். அன்றைக்கு எந்தத் தெரு வழியாக வந்தார்கள் என்று கேட்டால் அட்டையக்காவுக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது.