அம்மா சொல்லாத வசனம்

பெரிய வெள்ளிக்கிழமை, மாலை ஆறே முக்கால் மணி. திரை விலகியதும் முதலில் தெரிந்தது, அம்மாவின் மடியில் கிடந்த வேறொருத்தியின் மகன்.

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலின் பாஸ்கா நாடகத்தை எங்கள் குடும்பம்தான் நடத்தி வந்தது. அப்பா எழுதுவார். அண்ணன் இயேசு, அம்மா மாதா. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது நான். அண்ணன் சவூதிக்கு வேலைக்குப் போய்விட்டதால் அந்த ஆண்டு பாடகர் குழுவிலிருந்த ஸ்டீபன் இயேசுவானான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அண்ணனிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை. அனுப்பிவைத்த ஏஜென்ட் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போயிருந்தான்.

சிலுவையிலிருந்து இறக்கிய உடலை மடியில் கிடத்தி, "என் மகன் இறந்துவிட்டான்" என்று மாதா கதற வேண்டும். அம்மா வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன்.

"சொல்லித் தொலையேன், ஜனங்க பாக்குறாங்க" என்று பக்கவாட்டிலிருந்து அப்பா பல்லைக் கடித்தார்.

அம்மா ஸ்டீபனின் நெற்றியிலிருந்த சிவப்புச் சாயத்தை முந்தானையால் துடைத்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "என் வாயால அத சொல்ல மாட்டேன்டி. வேற எதாவது குடு."

என் கையிலிருந்த பிரதியில் வேறு எதுவும் இல்லை.

செத்துக் கிடந்த ஸ்டீபன் கண்ணைத் திறந்து, "அழாதீங்க அத்தை" என்றான். அது மைக்கில் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா திரையை இழுத்து மூடினார்.

வசனம் என்பது மனப்பாடம் செய்து ஒப்பிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு அப்பா எழுதிய பிரதியில் அந்த வரி இல்லை. அப்போதும் ஸ்டீபன்தான் இயேசு.