இசைத்தட்டு சேர்த்தவரின் கண்ணீர்

தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய கர்க்லாண்டில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு சென்னைக்காரர் இருந்தார். ஒல்லியான பொறியியலாளர். வெயிலோ பனியோ, எங்கள் நகரத்துப் பேஸ்பால் அணியின் தொப்பி அவர் தலையில் இருக்கும். பேஸ்மென்ட் முழுக்க ஜாஸ் இசைத்தட்டுகள். பத்திரிகையில் முதலில் பேஸ்பால் பக்கத்தையும் அடுத்து மரண அறிவித்தல்களையும் படிப்பார். இறந்தவர் ஜாஸ் கலைஞர் என்றால், துக்கம் ஆறுமுன்பே அந்த வீட்டுக்குப் போய் இசைத்தட்டுகளை வாங்கிவிடுவார்.

ஒரு கோடையில் பெட்டி தூக்க என்னையும் அழைத்துப்போனார். கணவனைப் புதைத்துச் சில நாட்களே ஆன ஒரு பிரெஞ்சு மூதாட்டியின் வீடு. அவள் ஓர் இசைத்தட்டைக் காட்டி, கொண்டுபோகுமுன் ஒருமுறை போடச் சொன்னாள். அதில் டிரம்பெட் வாசித்தது அவள் கணவன். இவரோ சிரித்தபடி, "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஒருக்கா போட்டிருக்கலாமே, ஐயா? பாவம் அந்த மனுசி."

"ஊசி பட்டாத் தேஞ்சிடும்பா. அபூர்வமான பிரதி" என்று சொல்லி வானொலியைத் திருகினார்.

பேஸ்பால் ஆட்டம் முடியும் நேரம். எங்கள் அணிக்காரன் ஒருவன் கைக்கு வந்த பந்தைத் தவறவிட, அணி தோற்றது. இவர் காரை ஓரம்கட்டிவிட்டு விம்மி அழுதார்.

"சின்னப் பையன்பா! இன்னிக்கு எப்படித் தூங்குவான்?"

நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

"எங்க போற? பெட்டியெல்லாம் யார் இறக்கறது?"

"நீங்களே இறக்குங்கோ."

திரும்பிப் பாராமல் பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடந்தேன். அவருடைய கண்ணீர் பொய்யில்லை. இன்றுவரை என்னை அருவருக்க வைப்பதும் அதுதான்.